பழைய குழாயின் கசிவும் நம் பொறுப்பும்



ஜெஞ்சாரோம் ஊர் அவசரகாலத்தில் (1948-1960) புதுக்கிராமமாக உருவெடுத்த ஊர். இங்கும் பந்திங்கிலும் கிள்ளானிலும் நம்மவர் வியாபாரம் நடத்தும் கடைவீடுகளில் பல, இரண்டு மூன்று தலைமுறை கண்டவை. கூரைத் தகரத்தை மாற்றியிருப்போம். சுவருக்குப் பலமுறை சாயம் அடித்திருப்போம். சுவருக்குள் ஓடும் இரும்புக் குழாய் மட்டும் அன்று பூட்டியபடியே கிடக்கும். அதன் மூட்டில் நீர் சொட்டத் தொடங்கினால் கைவேலை என்ன, மார்க்கச் சட்டம் என்ன என்ற இரண்டையும் இந்தப் பாடத்தில் சேர்த்தே பார்ப்போம். அரிசி மூட்டையையும் துணிக்கட்டையும் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கும் நமக்கு இது அற்ப விஷயமல்ல.

குழாய் ஏன் மூட்டிலேயே கெடுகிறது? அந்நாளைய குழாய் துத்தநாகம் பூசிய இரும்பு. முனையில் மரை வெட்டும்போது பூச்சும் போய்விடுகிறது. இரும்பின் கனமும் பாதியாகக் குறைகிறது. துரு அங்கேதான் முதலில் வாய் வைக்கும். இரும்புக் குழாயில் பித்தளைச் சாமானை நேராகப் பூட்டியிருந்தால், தண்ணீர் இரண்டுக்கும் நடுவே நின்று இரும்பை இன்னும் விரைவாகத் தின்னச் செய்யும். நம் கோல லங்காட் வட்டாரத்து மண்ணும் ஒத்துழைப்பதில்லை. கடலோரக் களிமண்ணும், மலாய்க்காரர் ‘தானா காம்புட்’ என்னும் மக்கிய கறுப்பு மண்ணும் கலந்த பூமி இது. மக்கிய மண்ணில் புளிப்பு உண்டு. அமுங்கும் குணமும் உண்டு. தரை சற்று இறங்கினால் அதில் புதைந்த குழாயின் இழுப்பு மூட்டுக்குத்தான் போகும். பனி தேசங்களில் வீட்டைச் சூடாக்க இரும்புக் குழாய்களில் வெந்நீர் ஓட விடுகிறார்கள். அங்கும் வீட்டுக்காரரின் வழக்கு இதே மூட்டோடுதான்.

தண்ணீர் நின்று மீண்டும் வரும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங் ஆற்றின் மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது நினைவிருக்கும். காலியான குழாயில் காற்றும் நீரும் மோதிக்கொண்டு வரும்போது, துருவே அடைப்பாக இருந்த மூட்டு திறந்துகொள்ளும்.

கசிவைக் கண்டதும் நம்மவர் செய்யும் முதல் காரியம் ஸ்பானாவை எடுத்து இறுக்குவது. அதைச் செய்யவேண்டாம். துருத்தின்ற மரை இறுக்கத்தைத் தாங்காது. சொட்டியது பீறிட்டு அடிக்கும். முதலில், நனைந்த இடத்தருகே மின்சாரப் பெட்டியோ கம்பியோ இருந்தால் நீரைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைக்கவும். பிறகு மீட்டரை அடுத்துள்ள வால்வை மூடவும். அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று கடைப்பையனுக்கும் இன்றே காட்டிவைப்பது நலம். மூடியும் சொட்டு நிற்காவிட்டால் அந்தக் குழாய் மேல்தொட்டியிலிருந்து வருகிறதென்று பொருள். தொட்டியடி வால்வை மூடவேண்டும். அடுத்ததாகச் சரக்கை அகற்றவும். தற்காலிகமாக ரப்பர் துண்டு சுற்றிக் கவ்வி போட்டு இறுக்கலாம். அது ஓரிரு நாளுக்குத்தான், ஓராண்டுக்கல்ல.

சுவருக்கு வெளியே தெரியும் குழாயில், மரை நல்ல நிலையில் இருந்தால் கழற்றிப் பூட்டலாம். ஒரு ஸ்பானா பிடிக்க, இன்னொன்று திருப்ப. ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் அந்த விசை சுவருக்குள் இருக்கும் அடுத்த மூட்டை உடைக்கும். பழைய சணல் நாரைச் சுரண்டி எடுக்கவும். அந்தக் காலத்தில் நாரோடு வெள்ளை ஈயப் பசை பூசுவார்கள். ஈயம் நஞ்சு, சுரண்டிய தூளைப் பெருக்கி அப்புறப்படுத்திக் கை கழுவவேண்டும். வெள்ளை டேப்பை, மரையின் முனை நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டு, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றவும். எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். இறுக்கியபின், வளைவு கோணலாயிருக்கிறதே என்று இம்மியளவும் பின்னுக்குத் திருப்பக்கூடாது; திருப்பினால் மறுபடி கழற்றி டேப் சுற்றத்தான் வேண்டும். மரை உதிர்ந்தாலோ, கசிவு சுவருக்குள் இருந்தாலோ உரிமம் பெற்ற குழாய் வேலைக்காரரை அழைக்கவும். ஓரிடத்தில் உதிர்ந்த குழாய் மற்ற இடத்தில் திடமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை. அந்த நீளம் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். மீட்டருக்கு முன்னுள்ள கசிவு நம்முடையதல்ல. ஆயர் சிலாங்கூர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டியது.

‘சொட்டுத்தானே’ என்போருக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் போத்தலைக் கசிவின் கீழ் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறைந்தால் நாளொன்றுக்கு 720 லிட்டர். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்ததாக ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆக, ஏறக்குறைய ஆயிரம் ஒளூவுக்கான நீர் ஒரே நாளில் சாக்கடைக்குப் போகிறது. 2022-ல் மலேசியா முழுவதிலும் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானமின்றிப் போயிற்று. திருட்டும் மீட்டர் கோளாறும் அதில் அடங்கினாலும் கசிவின் பங்கு பெரிது.

துருவினால் நிறம் மாறிய நீரில் ஒளூக் கூடுமா என்று கேட்கிறார்கள். நீர் தங்கும் இடத்திலும் ஓடும் வழியிலும் உள்ளதால் ஏற்படும் மாற்றம் அதன் சுத்தமாக்கும் தன்மையைப் போக்காது என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். ஒளூக் கூடும், குடிக்கத்தான் ஏற்றதல்ல. மாடியிலிருந்து இறங்கும் ஈரம் நல்ல நீர்க் குழாயா, கழிவுக் குழாயா என்று தெரியாதபோது, நஜீஸ் என்று உறுதியாகும்வரை சுத்தம் என்றே கொள்ளவேண்டும். ஆனால் வாடையோ நிறமோ கண்டபிறகு, நனைந்த அரிசியை வெயிலில் காயவைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

இனிச் செலவு யாருடையது? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் கட்டடத்தைச் சீர்செய்வது உரிமையாளர் மீதே சொல்லப்பட்டுள்ளது. அவர் காலத்தில் செய்யாவிட்டால் வாடகைக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அவருடைய அனுமதியின்றி நாமாகச் செய்த செலவை வாடகையில் கழித்துக்கொள்ள இயலாது; இதில் நம்மவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘எல்லாப் பழுதும் வாடகைக்காரர் செலவு’ என்று அளவின்றி எழுதுவதையும் ஷாஃபி நூல்கள் ஏற்பதில்லை. எவ்வளவு என்று தெரியாத செலவு வாடகையோடு சேர்ந்துவிடுகிறதல்லவா? அப்படி எழுதிய ஒப்பந்தம் கையில் இருந்தால் ஓர் ஆலிமிடம் காட்டிக்கொள்வது நல்லது.

அதற்காக வாடகைக்காரர் கையைக் கட்டி நிற்கலாகாது. கடை நம்மிடம் அமானத். நம் அலட்சியமின்றி வந்த சேதத்துக்கு நாம் பொறுப்பாளியல்ல. கண்ணால் கண்ட கசிவை வால்வு மூடாமல், சொல்லியனுப்பாமல் விட்டால் அது அலட்சியம். அதிலிருந்து பொறுப்பு நம்முடையது. பொதுச்சுவர் வழியே அடுத்த கடைச் சீனருடைய சரக்கு நனைந்தாலும் அப்படியே. அவர் முஸ்லிமல்ல என்பதால் அண்டை வீட்டார் உரிமை ஒரு துளியும் குறையாது.

ஆகவே கசிவு கண்ட அன்றே உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, தேதியும் படமும் சேர்த்து, ‘நாங்கள் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?’ என்ற கேள்விக்கு எழுத்திலேயே பதில் வாங்கவும். வேலைக்காரர் தரும் ரசீதில் மாற்றிய குழாயின் நீளமும் சாமான்களும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கட்டும். வேலை முடிந்த இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டி நிறைந்தபின் மீட்டர் எண்ணைக் குறித்து, சுபுஹு நேரத்தில் ஒளூச் செய்யும் முன் மறுபடி பார்க்கவும். எண் நகர்ந்திருந்தால் கசிவு இன்னொரு மூட்டிலும் இருக்கிறது.