வலையோடு பறந்த குருவிகள்

எண்பதுகளில் உயர அன்டெனா கட்டித் தூரதர்ஷனில் பார்த்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ கார்ட்டூனை ஏழு வயதுப் பேத்திக்குக் காட்டலாமா? ஹிந்திப் படம், எங்கட ஆட்களும் அதில் இல்லையே!
– ஒரு அம்மம்மா, சாவகச்சேரி

தாராளமாகக் காட்டுங்கள், அம்மா. சில நிமிடப் படம்தான்; ஹிந்தி தெரியாவிட்டாலும் கதை விளங்கும். வலையில் சிக்கிய குருவிகள் ஒன்றாகச் சிறகடித்து, வலையையே தூக்கிக்கொண்டு பறக்கின்றன. எலிகள் வந்து அதைக் கடித்து அறுக்கின்றன.

1974இல் இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே இயக்கிய படம் இது, அசைவூட்டியவர் பீம்சைன். தேசிய விருதும் பெற்றது. ‘ஒன்று’, ‘பல’ என்றால் என்னவென்று தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பது அக்காதான். இயக்கியவரும் பெண். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

குறையும் உண்டு. நிறம், உடை, மொழி எல்லாம் பல என்று பாடும் கடைசிப் பாட்டு முழுக்க ஒரே மொழியில்! பாட்டில் காவிரி வருகிறது. அதற்கு மேல் கடல் தாண்டவில்லை. இந்தியப் பிள்ளைகளுக்காக எடுத்த படமல்லவா?

ஆகவே, படம் முடிந்ததும் பேத்தியிடம் தாளும் கலர் பென்சிலும் கொடுங்கள். குருநகர் மீனவர், சோனகதெருக் கடைக்காரர், பனை ஏறும் தொழிலாளி என்று விடுபட்டவர்களை அவளே வரையட்டும். அவர்களைப் பாட்டில் சேர்க்கத் தமிழ் வரிகளை நீங்கள் கட்டிக்கொடுங்கள்; படத்துக்கு இசையமைத்த வசந்த் தேசாயின் மெட்டு பிள்ளைகள் வாயில் சட்டென்று ஏறிவிடும்.