ஸ்பானிய மொழியில் நிகழாததைக் கூறும் வினை

மழை பெய்தால் பயிர் விளையும் என்கிறோம். மழை இன்னும் பெய்திலது. எனினும் 'பெய்தால்' என்பதனுள் தகரமாகிய இறந்தகால இடைநிலை நிற்கின்றது. நிகழாததைக் கருதுங்கால் இறந்தகால வடிவை நாடும் இவ்வியல்பு ஸ்பானிய மொழிக்கும் உண்டு. அம்மொழி பயில்வார் பலர் அஞ்சும் 'இம்பர்பெக்ட் சப்ஜங்டிவ்' என்னும் வினைவடிவு, இதனை உளத்துட்கொண்டு நோக்குவார்க்கு அத்துணை அரிதன்று.

அதன் ஆக்கம் வருமாறு: இறந்தகாலப் படர்க்கைப் பன்மை வினையை எடுத்து, ஈற்றிலுள்ள 'ரோன்' என்பதைக் களைக. 'ஆப்லாரோன்' என்றால் பேசினர். எஞ்சிய 'ஆப்லா' என்பதனோடு ரா, ராஸ், ரா, ராமோஸ், ராயிஸ், ரான் என்னும் விகுதிகள் மூவிடத்து ஒருமை பன்மைகட்கு முறையே சேரும். உண்டனர் எனப் பொருள்படும் 'கொமியேரோன்' என்பதிலிருந்து 'கொமியேரா' பிறக்கும். வாழ்ந்தனர் என்னும் 'விவியேரோன்' என்பதிலிருந்து 'விவியேரா' பிறக்கும். தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒரே வடிவின. இடம் நோக்கி உணர்தல் வேண்டும். 'ஆப்லாரா' என்பதில் நடுவிலுள்ள லாவை அழுத்தி ஒலிக்க. ஈற்று ராவை அழுத்தினால் 'பேசுவான்' என்னும் எதிர்கால முற்றாய்விடும். கருத்தளவில் நின்றது உறுதிமொழியாய் மாறுதற்கு ஓர் அழுத்தம் போதும்!

இனிப் பயன். 'அவன் என்னோடு பேசினால் விடை கூறுவேன்' என்னும் தமிழ்த்தொடரைக் கேட்போர், அவன் பேசுவான் எனச் சொல்வோன் எண்ணுகிறானா இல்லையா என்பதை அறியார். பிணங்கிய நண்பர் இருவரிடையே இவ்வேறுபாடு சிறிதன்று. ஸ்பானியர் இவற்றை இரு தொடராக்குவர். 'சி மெ ஆப்லா, கொந்தெஸ்தாரே' என்றால் அவன் பேசவுங் கூடும். 'சி மெ ஆப்லாரா, கொந்தெஸ்தாரீயா' என்றாலோ, அவன் பேசான் என்றே சொல்வோன் கருதுகிறான். நம் மொழி குரலுக்கும் சூழலுக்கும் விட்டதை அவர்கள் விகுதியிலேயே வைத்துவிட்டனர்.

கடந்தகால விருப்பத்தைத் தொடர்ந்தும் இவ்வடிவு வரும். 'கெரீயா கெ கொமியேராஸ்' என்றால், நீ உண்ணவேண்டுமென்று விரும்பினேன் என்பது பொருள். உண்டானா என்பதை வினை கூறாது.

'ஆப்லாரா' என்பதற்கு 'ஆப்லாசே' என்னும் இணைவடிவும் உண்டு. இரண்டும் இலத்தீனிலிருந்து வந்தனவே. ஆயின் சே வடிவு மட்டுமே அங்கும் கருத்துவினையாய் இருந்தது. ரா வடிவோ, 'பேசியிருந்தான்' என மெய்யாக நடந்ததைக் கூறிய முற்றிலிருந்து வந்தது. பழைய ஸ்பானிய நூல்களில் அப்பொருளிலேயே அது பயிலும். பின்னர் மெல்ல மெல்லக் கருத்துவினையாகி, இன்று பேச்சுவழக்கில் சே வடிவினும் மிக்கு வழங்குகின்றது.