பிடி முன்னே போகட்டும்

அன்புள்ள தம்பி,

உன் வரைபடமும் மரத்தின் படங்களும் கிடைத்தன. நல்ல ஆஷ் மரம். 72 அங்குல நீளம், உளி படாமல் உரிக்கப்பட்ட பட்டை, ஒரே ஒரு கணு, அதுவும் நுனிக்குப் பக்கத்தில். ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012-இல் உறுதிசெய்யப்பட்டதிலிருந்து இங்கே எவ்வளவோ மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அவற்றில் ஒன்று அடுப்புக்குப் போகாமல் உன் பட்டறைக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆகவே இந்த மரத்தில் கத்தி வைக்கும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

கைப்பிடியை முன்னால் தள்ளிய நெடுவில் செய்யலாமா, அம்பின் வேகம் குறையுமா என்று கேட்டிருக்கிறாய். செய். வேகம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுக்கு ஈடாக உனக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல நினைக்கிறேன்.

வில்லில் எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களை நாம் கைகள் என்கிறோம். வழக்கமான தட்டை வில்லில் கைப்பிடியின் கனம் முழுவதும் வயிற்றுப் பக்கம்தான் இருக்கும். கைகள் கைப்பிடியை ஒட்டிய இடத்தில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவான கனம், கைப்பிடியோ ஒன்றரை அங்குலம். அதாவது உன் உள்ளங்கை பதியும் இடம், கைகளின் வயிற்றுக் கோட்டைவிட ஏறக்குறைய முக்கால் அங்குலம் நாணை நோக்கி வந்து நிற்கிறது. இதைத் திருப்பி, உள்ளங்கை பதியும் இடத்தை வயிற்றுக் கோட்டுக்கே கொண்டுபோ, அல்லது அதையும் தாண்டி இலக்கை நோக்கித் தள்ளு. அதுதான் முன்பிடி.

முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார். நாண் பூட்டிய வில்லில் உள்ளங்கைக்கும் நாணுக்கும் இடையே 6 அங்குலம் வைக்கிறோம். வழக்கமான வில்லில் அந்த 6 அங்குலத்தை எட்ட, நாண் கைகளின் வயிற்றுக் கோட்டிலிருந்து ஆறே முக்கால் அங்குலம் விலகி நிற்க வேண்டும். முன்பிடி வில்லில் 6 அங்குலமே போதும். முழுதாக இழுக்கும்போதும் கைகள் அதே முக்கால் அங்குலம் குறைவாகத்தான் பயணம் செய்கின்றன. 26 அங்குலத்தில் முக்கால் அங்குலம் சிறிய பங்கு. 6 அங்குலத்தில் முக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. ஒரு நாள் பயிற்சியில் வில் முழுதாக இழுபட்டு நிற்கும் நேரம் எல்லாம் சேர்த்தும் சில நிமிடங்கள்தான். நாண் பூட்டியபடி அது மணிக்கணக்கில் காத்திருக்கிறது. மரம் களைத்துப்போவதில் அந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு.

ஆஷ் மரத்துக்கு இது மிகவும் முக்கியம். அதன் முதுகு இழுவையை நன்றாகத் தாங்கும். வயிறு நசுக்கலை அவ்வளவாகத் தாங்காது. நசுங்கிய நார்கள் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. நாணைக் கழற்றிய பிறகும் வில் முழுதாக நிமிராமல் ஒரு வளைவு அதில் தங்கிவிடுகிறது. இரண்டு அங்குல வளைவு தங்கிப்போன வில்லை நாண் பூட்டித் தட்டிப் பார்த்தால் தெரியும்: நாணில் விறைப்பே இருக்காது. இழுப்பின் முதல் பாதியில் சேர வேண்டிய ஆற்றல் சேர்வதில்லை, அம்பும் சோம்பலாகப் போகிறது. முன்பிடி தரும் அந்த முக்கால் அங்குலச் சலுகையில் வயிற்று நார்கள் பிழைத்துக்கொள்ளும். யூ மரத்தில் செய்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அதன் வெளி வெள்ளை மரம் இழுவையையும் உள் வைரம் நசுக்கலையும் தாங்கும்படி இயற்கையே இரண்டையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறது.

யூ வில்களைப் பார்க்க, போர்ட்ஸ்மத்தில் மேரி ரோஸ் கப்பலின் அருங்காட்சியகத்துக்கு அவசியம் போ. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட அந்தக் கப்பலில் 172 வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ, பெரும்பாலும் ஆறடிக்கு மேல். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வில்லின் நடுவைக் கவனி. கைப்பிடி என்று தனியாக எதுவுமே இல்லை. தடித்த நடுப்பகுதியையே பிடித்து, வில் முழுவதும் வளையும்படி செய்திருக்கிறார்கள். வளையாத தனிக் கைப்பிடியும் அகன்ற தட்டைக் கைகளும் அதைவிட மிகப் பழையவை. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-இல் எடுத்த எல்ம் வில்லுக்கு வயது சுமார் 9000 ஆண்டு. அதிலேயே குறுகிய தடித்த பிடியும் அகன்ற கைகளும் இருக்கின்றன. 1930-களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் வில்லை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அளந்து, தட்டை வெட்டுமுகமே மரத்துக்கு உகந்தது என்று காட்டினார்கள். உன் வரைபடம் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. பிடி வளையாமல் நிற்கும் வில்லில்தான் அதை முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்ற கேள்வியே எழுகிறது.

இனி உன் வரைபடம். முதுகில் ஒன்றேகால் அங்குலக் கட்டை ஒன்றை ஒட்டி, அதையே பிடியாகச் செதுக்குவதாகக் காட்டியிருக்கிறாய். அதைச் செய்யாதே தம்பி. வில் வளையும்போது கைகள் நாண் பக்கமாகப் போகின்றன. முதுகில் ஒட்டிய கட்டையோ வளையாமல் அப்படியே நிற்கும். கட்டை முடியும் இடத்தில் கை அதை விட்டு விலகப் பார்க்கும். பசைக் கோடு நேராக உரிபடும். எந்தப் பசையும் சறுக்கலைத் தாங்குவது போல உரிப்பைத் தாங்காது. அப்படித்தான் செய்வேன் என்றால், கட்டையின் இரு முனைகளையும் காகிதம் போல மெலிதாக நீட்டி இறக்கு. அந்த முனைகளையும் கடந்து ஓர் அங்குலம் வரை கை வளையாதபடி கனம் விடு. மேலே லினன் நூலை நெருக்கமாகச் சுற்று. இவ்வளவு செய்தாலும் அந்த வில்லை இழுக்கும் ஒவ்வொரு முறையும் உன் காது அந்த மூட்டின் மேலேயே இருக்கும்.

முதுகிலேயே மரத்தை மிச்சம் விட்டு ஒரே கட்டையாகச் செதுக்கலாமே என்றும் கேட்பாய். உன் மரத்தின் முதுகு பட்டைக்கு நேர் கீழே இருக்கும் கடைசி ஆண்டு வளையம். நுனியிலிருந்து நுனிவரை அது அறுபடாமல் ஓட வேண்டும். பிடியில் மேடு விட வேண்டுமானால் இரு கைகளிலும் பல வளையங்களைச் சீவி இறக்கி, ஒரே உள் வளையத்தைத் தேடி எடுக்க வேண்டும். ஒசேஜ் ஆரஞ்சு மரத்தில் அதைப் பொறுமையாகச் செய்கிறார்கள். ஆஷில் இயற்கையே தயாராகக் கொடுத்த முதுகை எதற்காக இழப்பது?

உனக்கு நான் சொல்லும் வழி ஆவி. ஆஷ் ஆவியில் அருமையாக வளையும். இரு கைகளையும் ஓரளவு சீவி, பிடியில் கனம் விட்ட நிலையில் நடுப்பகுதியை ஆவியில் வை. ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. எடுத்ததும் தாமதிக்காமல் அச்சில் வைத்துப் பிடிப்பான்களை இறுக்கு. 68 அங்குல வில்லில் பாதி 34 அங்குலம். பிடியருகே ஒரு பாகை வளைத்தால் நுனி சுமார் 15 மில்லிமீட்டர் பின்னால் போகும். ஒன்றரை பாகை போதும், அதற்கு மேல் ஆசைப்படாதே. அச்சிலிருந்து எடுத்ததும் கொஞ்சம் திரும்பிவரும். அதற்காக அச்சைச் சற்றுக் கூடுதலாக வளைத்தே செய். பிறகு சில வாரங்கள் உலர விடு. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் 9 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும். வில்லுக்கு அதுவே சரியான அளவு. இங்கிலாந்தின் குளிர்காலக் கொட்டகையில் அந்த அளவு கனவிலும் வராது. வீட்டுக்குள்ளே வை.

இரண்டு துண்டுகளை மீன்வால் வெட்டில் இணைத்தும் கோணம் கொடுக்கலாம். உன் மரத்தை நடுவில் அறுத்து 4 அங்குல மீன்வால் போட்டால் சரியாக 68 அங்குலம் மிஞ்சும். அழகான வேலை அது. வெட்டின் ஒரு முகத்தில் விளக்குப் புகையின் கரியைப் பூசி, மற்ற முகத்தோடு சேர்த்து அழுத்தி, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சீவிச் சீவி, முகம் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும்வரை போக வேண்டும். அடுத்த வில்லுக்கு அதை வைத்துக்கொள். முழு மரம் ஒன்று கையில் இருக்கும்போது அதை அறுக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளங்கை பதியும் இடத்தில் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் குடைந்தாலும் பிடி முன்னே போகும். ஆனால் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். அகலத்தில் நேர்விகிதத்தில் மட்டுமே. ஒன்றரை அங்குல ஆழத்தை ஒன்றேகாலாகக் குறைத்தால் விறைப்பில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விடும். ஈடுகட்ட அகலத்தைக் கூட்டினால் அம்பு வில்லின் நடுக்கோட்டிலிருந்து விலகும். அம்பின் நெகிழ்வு அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும். ஆகவே கால் அங்குலத்துக்கும் குறைவாகவே குடை.

இந்த வேலையில் நிறைய பேர் தடுமாறுவது அளவெடுப்பில். நாணின் உயரத்தை வில்லின் கை வயிற்றிலிருந்து அளந்து, போதவில்லை என்று நாணை முறுக்கி ஏற்றுவார்கள். முன்பிடியில் மரத்துக்குக் கிடைத்த ஓய்வு அந்த ஓர் அளவிலேயே பறிபோகும். எல்லா அளவும் உள்ளங்கையின் ஆழமான இடத்திலிருந்தே தொடங்கட்டும். இழுப்பு நீளமும் அப்படியே. 28 அங்குலம் என்று வில் கடையில் சொல்வது, அந்த இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரத்தோடு ஒன்றேமுக்கால் அங்குலம் கூட்டிச் சொல்லும் வழக்கம். உன் கை உண்மையில் இழுப்பது 26¼. வளைவு பார்க்கும் தாங்கியிலும் இந்த இடத்திலேயே வில்லை உட்கார வை. முன்பக்கம் பிடியின் கனம் கூடியிருந்தால் அம்பும் அந்த அளவு நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு இழுப்பில் அம்பின் முனை கைமேல் வந்து நிற்கும். இது விளையாட்டல்ல, அம்பை அறுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை அளந்து பார்.

வளைவைச் சரிசெய்யும்போது தகட்டுச் சுரண்டியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சுருள்கள் சிகைக்காய்த் தூள் போல உதிராமல் மெல்லிய நீண்ட ரிப்பன்களாக வர வேண்டும். தூளாக வந்தால் தகட்டின் விளிம்பை மறுபடி மடக்கு. ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 20, 30 தடவை இழுத்துத் தளர்த்து. அப்போதுதான் மரம் புது வடிவை ஏற்கும். முடிவில் வேண்டிய எடை 42 பவுண்டு என்றால், எந்த நிலையிலும் 42-க்கு மேல் இழுக்காதே. இருமுனையிலும் ஒரே நேரத்தில் கைவிரலை ஓட்டிப் பார். கண்ணுக்கு முன் விரல் சொல்லிவிடும். வயிற்றில் குறுக்காக மயிரிழைக் கோடு தெரிந்தால் அந்த இடம் நசுங்கிவிட்டது, அங்கே மரம் மெலிந்திருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிட்டு இருபுறமும் சுரண்டு. கைகள் கைப்பிடியருகே இரண்டு அங்குல அகலம், நுனிக்கு வரும்போது அரை அங்குலம் என்று வைத்துக்கொள். நுனியில் கனம் குறைந்தால்தான் முன்பிடியில் போன வேகத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

கையில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடி முன்னே போன வில், பிடிக்கும் கையின் சிறு முறுக்கலைப் பொறுத்துக்கொள்ளும். களைத்த மாலையில், பிடி சற்றுப் பிசகினாலும் அம்பு ஓரளவு சேர வேண்டிய இடத்துக்கே போகும். வில்லாளி ஹோவர்ட் ஹில்லின் மரபில் வந்த நெடுவில்களில், நாண் பக்கமாகக் கொஞ்சம் வளைந்தே நிற்கும் வில்லை இன்றும் சிலர் விரும்பி வாங்குவது இந்தப் பொறுமைக்காகத்தான். இழுப்பின் தொடக்கம் மெத்தென்று இருக்கும். அதைப் பலவீனம் என்று எண்ணிவிடாதே. வேகமானியில் வரும் எண்ணைப் பார்த்து மனம் சோர்ந்து, நுனிகளை முன்னால் வளைக்க ஆரம்பித்துவிடாதே. அந்த வளைப்புக்கு மரத்தில் இடம் இருக்கிறது, உண்மைதான், முன்பிடியே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் முதல் ஆறு மாதம் அந்தச் சேமிப்பைத் தொடாதே. ஆஷ் அந்தக் காலத்தில் எவ்வளவு வளைவை உள்வாங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடு.

பிடியில் தோல் சுற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள். நூறு அம்பாவது எய்த பிறகு நாணைக் கழற்றி, வில்லைத் தரையில் வயிறு கீழே இருக்கும்படி வைத்து, இரு நுனிகளுக்கும் நடுவே நூல் ஒன்றைக் கட்டி, நூலிலிருந்து பிடி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து எழுது. ஆவியில் வளைத்த அன்று எடுத்த அளவையும் கூடவே எழுது. இரண்டையும் எனக்கு அனுப்பு. கைகளின் கனத்தை மேலும் குறைக்கலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்