தானே நின்று தானே தொடங்கும் கணிப்பொறி

நம் மாணவியர் பலரது இல்லங்களிலும் இன்று கணிப்பொறி இடம்பெற்றுவிட்டது. நன்றாக ஓடும்வரை அதைப்பற்றி நாம் எண்ணுவதேயில்லை. திடீரென்று திரை இருண்டு, தானாகவே மறுபடியும் தொடங்கினால்தான் கலங்கிப்போகிறோம். திருவையாற்றுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழும் எங்கள் வகுப்புத் தோழியின் வீட்டில் சென்ற ஆவணி மாதம் முழுவதும் இதே தொல்லை. அவளுடைய அக்காள் வேலைக்கான விண்ணப்பத்தை மூன்று முறை பாதியில் இழந்தாள். பழுது பார்க்க வந்தவர், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்று கூறிவிட்டார். தந்தையார் கையில் இருந்ததோ சம்பா நடவுக்கென எடுத்து வைத்த பணம்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைச் சொன்னோம். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "எந்த நேரத்தில் நிற்கிறது?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே பழைய நோட்டு ஒன்றில் ஒரு வாரம் எழுதி வந்தோம். நின்ற நேரம், அப்போது கணிப்பொறியில் நடந்த வேலை, வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்பவற்றைக் குறித்தோம். பெரும்பாலும் மாலையில்தான் நின்றது. வேலை நடந்தாலும் வெறுமனே இருந்தாலும் ஒன்றுதான். விடை சொன்னவர் தோழியின் அப்பாயி. "செபமாலை சொல்லையில லைட்டு மங்குதுல்ல, அப்பத்தான் அதுவும் நிக்குது" என்றார். மும்முனை மின்சாரம் வந்து, பக்கத்து வயலின் பம்புசெட் ஓடத் தொடங்கும் நேரம் அது.

மோட்டார் புறப்படும் கணத்தில், வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த வீடுகளில் மின்னழுத்தம் அப்போது தாழும். விளக்கு சற்று மங்கித் தப்பிவிடும். கணிப்பொறிக்கு அது இயலாது. அதனுள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கித் தருகிறது. வெளியில் மின்சாரம் விட்டுப்போனால், முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லி வினாடி தாங்கும்படி அதை அமைப்பது வழக்கம். நம் நாட்டு மின்சாரத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி வினாடி ஆகும்! அதற்குமேல் தாமதித்தால், 'பவர் குட்' என்னும் மின்குறி விழுந்துவிடும். உடனே மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி, குறி திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும்.

யு.பி.எஸ். இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கணிப்பொறியை முறைப்படி அணைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு மேசை விளக்கைச் செருகினோம். சுவர் சுவிட்சை அணைத்தோம். விளக்கும் உடனே அணைந்தது. பாட்டரி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈய அமில பாட்டரிக்கு வெப்பம் ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தஞ்சைக் கோடையில், காற்றுப் புகாத மூலையில் அது எத்தனை நாள் உழைக்கும்? பாட்டரியை மட்டும் மாற்றினார்கள். அக்காளின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவே ஆகாது. அரை மணி ஓடியபின், கனமான வேலையின்போது மட்டும் நின்றால் வெப்பத்தை ஐயுறலாம். அறுவடைக் காலத்தில் பறக்கும் தூசும் உமித்துகளும் விசிறியை அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். காலம் நேரமின்றி நின்றால் ராம் என்னும் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கான 'மெமரி டயக்னாஸ்டிக்' விண்டோஸிலேயே உண்டு. விண்டோஸ் தன் பிழையைத் திரையில் காட்டும். ஆனால், 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற அமைப்பு, நாம் படிக்குமுன்பே அதை மறைத்துவிடுகிறது. அதை நீக்கினால் திரை நிற்கும், எழுதிக்கொள்ளலாம். பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று கண்டு அஞ்சுவோர் பலர். கணிப்பொறி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்குமேல் அது எதையும் சொல்லுவதில்லை.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் மாணவியர் எவரும் திறக்கலாகாது. அதிலுள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் தங்கியிருக்கும். அதில் ஐயம் இருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். நேரம் எழுதிய நோட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.