வீட்டு வாகனக் கொட்டகையை வேலைத்தளமாக மாற்றியமைத்தல்

(க.பொ.த. சாதாரண தரம் – வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்: மீட்டல் பாடம்)

‘கராஜ்’ என்றவுடன் எமது மாவட்டத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது வீதியோரத்தில் மோட்டார் சைக்கிள் திருத்தும் இடமாகும். இப்பாடத்தில் நாம் கருதுவது அதுவன்று. வீட்டுச் சுவரோடு சாய்த்து இறக்கப்பட்ட பத்தி, அதாவது மோட்டார் சைக்கிளையும் துவிச்சக்கரவண்டியையும் நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தில் பழைய பலகை, தகரம், மண்வெட்டி, உடைந்த கதிரை என எல்லாவற்றையும் அடைத்து வைக்கும் கொட்டகையே இங்கு எமது விடயம்.

இதனை வேலைத்தளமாக மாற்றுவதற்குத் திட்டமிடச் சொன்னால் மாணவர்கள் பலர் முதலாவதாக எழுதுவது, “கருவிகளை வைக்க அலுமாரி ஒன்று செய்தல்” என்பதாகும். விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது. கூரை ஒழுகும்போது செய்த அலுமாரி ஒரு மாரியிலேயே ஊறி வீங்கிவிடும். தரை போடும் நாளில் அதைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். மின்னிணைப்புச் செய்பவர் வந்தால் மறுபடியும் நகர்த்த வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று தடவை செலவு. எனவே படிகள் எவை என்பதைவிட, எது முந்தியது, ஏன் முந்தியது என்பதையே நீங்கள் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்கொள்ளும் பிரச்சினை

வாவியோரத்தில் உள்ள வீடொன்றின் பத்தி 6 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடையது. நீளப் பக்கம் ஒன்று வீட்டுச் சுவர், முன்பக்கம் திறந்தது, ஏனைய இரு பக்கங்களிலும் அரைச்சுவர். கூரை பழைய அஸ்பெஸ்ரஸ் தகடு, தரை மண். தகப்பனாரின் தச்சுக் கருவிகள் சாக்கு ஒன்றில் கட்டி மூலையில் வைக்கப்பட்டுள்ளன. குடும்பத்தினால் ஒரே தடவையில் பெருந்தொகை செலவிட முடியாது. ஒவ்வொரு படியும் முடிந்த அன்றிரவு மோட்டார் சைக்கிளை உள்ளே விடக்கூடியதாக இருக்க வேண்டும். (கொங்கிறீற்று இறுகும் நாட்கள் மட்டும் விதிவிலக்கு.)

முதலில் பத்தியை அளந்து 1:50 அளவிடையில் கிடைப்படம் வரையுங்கள். 6 மீற்றர் 120 மில்லிமீற்றராகவும் 3 மீற்றர் 60 மில்லிமீற்றராகவும் அமையும். பின்னர் வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய அடையாளத்தைத் தேடுங்கள். 2011 சனவரி வெள்ளத்தின்போது மட்டக்களப்பில் பெருந்தொகையான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த மட்டம் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கேட்டு, சுவரில் சோக்கினால் கோடிடுங்கள். இந்த ஒரு கோடு பின்னர் மூன்று இடங்களில் பயன்படும்.

படி 1: கூரை

எமது மாவட்டத்தின் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசி பிறந்தபின் கூரையைக் கழற்றுவது புத்தியான செயலன்று. எனவே கூரை, தரை ஆகிய இரண்டும் பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் முடிய வேண்டும். படிமுறைத் திட்டத்தில் மாதங்களையும் குறிப்பிடும் மாணவர், பிரதேசத்தின் காலநிலையை அறிந்து திட்டமிட்டுள்ளார் என்பது பரீட்சகருக்குப் புலப்படும்.

மழையைவிடக் காற்றுப் பெரிது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைத் தூக்கி எறிந்ததை இன்றும் சொல்வார்கள். முன்பக்கம் திறந்த பத்தியில் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தள்ளுகின்றது. அதே வேளை மேற்பரப்பின்மீது விரையும் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. இரண்டும் ஒரே திசையில் செயற்படுவதால், கூரையின் நிறையை மட்டும் நம்பியிருக்க முடியாது. சுவர்த்தட்டைச் சுவரோடு போல்ற்றுகளால் பிணைத்தல், கைமரங்களைச் சுவர்த்தட்டோடு இரும்புப் பட்டிகளால் கட்டுதல், தகடுகளை ‘ஜே’ கொளுக்கிகளால் இறுக்குதல் ஆகிய மூன்றும் செய்யப்பட வேண்டும். சங்கிலி போல, இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டைக் கிரைண்டரால் வெட்டவோ, காய்ந்த நிலையில் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. அதிலிருந்து எழும் நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளின் பின்னர் புற்றுநோய் உட்படக் கடும் நோய்களை உண்டாக்கும். தகடு நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுங்கள். கழற்றியே ஆக வேண்டுமாயின் நீர் தெளித்து நனைத்து, உடையாமல் இறக்க வேண்டும். அது பெரியவர்களுக்குரிய வேலை. தகட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை நாகத்தகட்டு மறைப்பினால் மூடி, தாழ்ந்த பக்கத்தில் பீலி பொருத்தினால் இப்படி முடிந்தது.

படி 2: தரை

தரை போடுமுன் நீங்கள் எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பாங்கானது. மணலுக்கு நீர் விட்டு நன்றாக இடித்து இறுக்கினால் அது நல்ல அடித்தளமாகும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் சார்ந்த களிமண் நிலம் அதிகம். களி நீரை உறிஞ்சி வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரடியாகப் போட்ட கொங்கிறீற்றும் வெடிக்கும். ஆகவே அங்கு மேல்மண்ணை ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் அகற்றி, கிரவல் இட்டுப் படைபடையாக இடிக்க வேண்டும். ஒரே மாவட்டம், ஒரே வாவி, இரு வேறு தரைகள்!

முடிந்த தரையின் முன்விளிம்பு வெளிநிலத்தைவிட 150 மில்லிமீற்றராவது உயர்ந்திருக்கட்டும். தரை வாசலை நோக்கி 1:100 சரிவுடன் அமைந்தால் கழுவிய நீர் தானாக வெளியேறும். 6 மீற்றர் நீளத்துக்குச் சரிவு 60 மில்லிமீற்றராகும். மோட்டார் சைக்கிள் ஏறுவதற்கு 1:8 சாய்வில் ஏறுதளம் அமைத்தால் அதன் நீளம் 150 × 8 = 1200 மில்லிமீற்றர்.

இடித்த நிரப்பலின்மீது தடித்த பொலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் 100 மில்லிமீற்றர் தடிப்பில் 1:2:4 கொங்கிறீற்று இடப்படும். பொலித்தீன் எதற்கு? வாவியோரத்தில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. அந்நீர் மயிர்த்துளைத் தன்மையால் தரைக்குள் மேலேறி, உப்பாகப் பூத்து, தரையில் வைத்த ஒவ்வோர் இரும்புப் பொருளையும் கெடுக்கும்.

கணிப்பு:

கொங்கிறீற்றின் கனவளவு = 6 × 3 × 0.1 = 1.8 கனமீற்றர்
உலர்ந்த பொருட்களின் கனவளவு (1.5 மடங்கு எனக் கொண்டால்) = 2.7 கனமீற்றர்
சீமெந்து = 2.7 ÷ 7 = 0.386 கனமீற்றர்
50 கிலோகிராம் பை ஒன்று 0.035 கனமீற்றர் ஆகையால், தேவையான பைகள் = 0.386 ÷ 0.035 = 11.02
மணல் = 0.77 கனமீற்றர்; 20 மில்லிமீற்றர் சல்லி = 1.54 கனமீற்றர்

விடை 11.02 என்று வந்ததும் 11 என எழுதி முடிக்க வேண்டாம். விரயத்தையும் கருத்திற்கொண்டு 12 பைகள் என்று எழுதுங்கள்.

கடற்கரை மணலோ வாவி மணலோ கூடாது. அவற்றிலுள்ள உப்பு தங்கிவிடும். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதனையும் கலவைக்குப் பாவிக்க வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். மழையற்ற மாதங்களில் வேலை செய்யச் சொன்னோம். ஆனால் அதே மாதங்களில்தான் கச்சான் காற்று வீசும். அவ்வறண்ட காற்று புதிய கொங்கிறீற்றின் மேற்பரப்பு நீரை மணித்தியாலக் கணக்கிலேயே உறிஞ்சி, மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். ஈரச் சாக்குகளால் மூடி, குறைந்தது 7 நாட்களுக்கு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘பதப்படுத்தல்’ என்று பாடப்புத்தகத்தில் ஒரு சொல்லாக நீங்கள் மனனம் செய்வது இதனையே.

படி 3: மின்

வீட்டுக்குள்ளிருந்து யன்னல் வழியாக நீட்டிய வயரில் துளைப்பானை இயக்குவது எமது வீடுகளில் வழமை. ஈரத்தரை, வெறுங்கால், தேய்ந்த வயர் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் அது உயிரைப் பறிக்கும். வேலைத்தளத்துக்கெனப் பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிச்சுற்று ஒன்று வர வேண்டும். அதில் சிறு சுற்றுடைப்பானும், 30 மில்லிஅம்பியரில் துண்டிக்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானும் (‘ட்ரிப் சுவிச்’) புவித்தொடுப்பும் இருத்தல் வேண்டும். சிறு சுற்றுடைப்பான் வயரைக் காப்பது. மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் மனிதரைக் காப்பது. இவ்வேறுபாட்டை ஒரே வரியில் எழுதப் பழகுங்கள்.

எவ்வளவு மின்னோட்டம் தேவை? துளைப்பான் 600 வாற்று, கிரைண்டர் 750 வாற்று, இரு விளக்குகள் 36 வாற்று எனக் கொள்வோம். மொத்தம் 1386 வாற்று. 230 வோல்ற்றில் மின்னோட்டம் 1386 ÷ 230 = 6.03 அம்பியர். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் அமைந்த 20 அம்பியர் சுற்றுக்கு இது இலகுவான சுமை. பின்னொரு நாள் 3000 வாற்று ஒட்டும் இயந்திரம் வாங்கினால் அது தனியாகவே 13.04 அம்பியரைக் கேட்கும். 13 அம்பியர் செருகியின் எல்லையை அது கடந்துவிடும். ஆகவே அதற்கு வேறு சுற்றுத் தேவை என்பதை இப்போதே திட்டத்தில் குறித்து வையுங்கள்.

குதைகள் அனைத்தும் நீங்கள் சோக்கினால் இட்ட வெள்ளக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் உயரத்தில் அமையட்டும். இடத்தைக் குறிப்பதும் சுமையைக் கணிப்பதும் மாணவரின் பணி. இணைப்பது தகுதி பெற்ற மின்னிணைப்பாளரின் பணி. வாவி நீர் முற்றத்துக்கு ஏறத் தொடங்கினால், கை உலர்ந்திருக்கும்போதே, நீர் வந்து சேருமுன் பிரதான ஆளியை நிறுத்திவிட வேண்டும்.

படி 4: வேலை மேசை

இதனைச் சுருக்கமாகப் பார்க்கலாம். நீளம் 1.8 மீற்றர், அகலம் 0.6 மீற்றர், சீவுளி வேலைக்கு உயரம் 800 முதல் 850 மில்லிமீற்றர். அரம் பிடிக்கும்போது இடுக்கியின் வாய் முழங்கை மட்டத்தில் இருப்பது நல்லது. பழைய வீட்டு முதிரை, பாலை மரங்கள் கிடைத்தால் புதுப்பலகை வாங்கத் தேவையில்லை. மேசைக் கால்களின் அடியில் பழைய ரயர்த் துண்டுகளை வைத்தால் கால்கள் தரையீரத்தை உறிஞ்சா. கறையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும்.

படி 5: கருவிகளை ஒழுங்குபடுத்தல்

இப்போதுதான் அலுமாரியின் முறை வருகின்றது. ஆனால் அலுமாரி செய்யுமுன் தகப்பனாரின் அந்தச் சாக்கை அவிழ்த்துப் பாருங்கள். சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை. உப்பு இருந்தால் அது மின்பகுபொருளாகச் செயற்பட்டுத் துருவேறலை விரைவாக்கும். இம்மூன்றும் வாவிக் காற்றில் ஆண்டு முழுவதும் உண்டு. 1924 இல் கட்டப்பட்ட, லேடி மனிங் பாலம் எனப்படும் கல்லடி இரும்புப் பாலத்தைக் கடக்கும்போது அதன் இணைப்புகளைக் கவனியுங்கள். (அதனருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது.) உருக்கு அமைப்புகளில் நீரும் தூசியும் தங்கும் மூலைகளிலேயே துரு முதலில் பிடிக்கும். கருவிப்பெட்டியிலும் அப்படித்தான்: உளியின் நடுப்பகுதியைவிட, அது மற்றொரு கருவியோடு ஒட்டிக் கிடக்கும் இடமே முதலில் கெடும்.

ஆகவே கருவிகளைக் குவித்து வைக்காமல், ஒன்றையொன்று தொடாதவாறு பலகையில் தொங்கவிடுவது ஒழுங்குக்காக மட்டுமன்று. பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வர்ணத்தால் வரைந்தால் அது ‘நிழற்பலகை’ எனப்படும். மாலையில் ஒரு பார்வையிலேயே எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்பது தெரிந்துவிடும். இரவல் கொடுத்த சுத்தியலைப் பற்றி அயல்வீட்டாரோடு சண்டையும் வராது. பலகையின் கீழ்விளிம்பு வெள்ளக் கோட்டுக்கு மேலிருக்க வேண்டும். கோட்டின் மூன்றாவது பயன் பற்றி வினா 4 இல் சிந்தியுங்கள். வாரம் ஒரு தடவை மெசின் ஒயில் தோய்த்த துணியால் உளி, வாள், சீவுளி அலகு என்பவற்றைத் துடைக்கவும். தேங்காயெண்ணெய் காறிப் போகும் என்பதால் அதனைத் தவிர்க்கவும்.

எவற்றை வைத்திருப்பது என்பதற்கு அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் நீங்கள் கேள்விப்பட்ட ஜப்பானிய ‘5 எஸ்’ முறையைப் பின்பற்றலாம்: தேவையற்றதை அகற்றல், ஒழுங்குபடுத்தல், சுத்தப்படுத்தல், நியமப்படுத்தல், பழக்கமாக்கல். இவற்றுள் முதலாவதே கடினமானது. உடைந்த கதிரையை எறிய வீட்டில் ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். ஓர் ஆண்டாகத் தொடாத பொருட்களை ஒரு மூலையில் சேர்த்துத் திகதியிட்டு வைத்து, அடுத்த மாரிக்கு முன் முடிவெடுக்கலாம். பெற்றோல், தின்னர் ஆகியன மட்டும் வேலைத்தளத்துக்குள் இருக்கவே கூடாது. கிரைண்டரின் ஒரு பொறி போதும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய பத்தியில் படி 3 ஐப் படி 2 க்கு முன்னர் செய்தால் ஏற்படக்கூடிய இரு பிரச்சினைகளைக் குறிப்பிடுக.

2. தரையின் தடிப்பை 75 மில்லிமீற்றராகக் குறைத்தால் தேவையான சீமெந்துப் பைகளின் எண்ணிக்கையைக் கணிக்க. (விடை 8.27, வாங்க வேண்டியவை 9.)

3. படுவான்கரையில் அமையும் தரைக்கும் எழுவான்கரையில் அமையும் தரைக்கும் இடையே அடித்தளத் தயாரிப்பில் உள்ள வேறுபாட்டைக் காரணங்காட்டி விளக்குக.

4. சுவரில் இட்ட வெள்ளக் கோடு குதைகளுக்கும் நிழற்பலகைக்கும் பயன்பட்டது. சீமெந்து, பலகை போன்ற பொருட்களைச் சேமிக்கும் தட்டின் உயரத்தைத் தீர்மானிக்க அது எவ்வாறு உதவும்?

5. மூன்று ஆணிகளை எடுத்து ஒன்றை மழைநீரிலும், ஒன்றை வாவி நீரிலும் பாதி அமிழ்த்தியும், மற்றையதை மெசின் ஒயில் பூசி உலர்ந்த போத்தலிலும் ஒரு வாரம் வைக்குக. நாள்தோறும் அவதானித்து அட்டவணைப்படுத்துக. வாவியின் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் எடுத்த நீருக்கும், மணற்றிட்டால் மூடியிருக்கும் காலத்தில் எடுத்த நீருக்கும் இடையே வேறுபாடு தெரிகிறதா எனப் பரிசோதிக்குக.