மாதிரி எஞ்சினும் உவமை இலக்கணமும்

முகம் மதிபோன்றது என்று கூறிய புலவன் மதியிலுள்ள மறுவையும் அம்முகத்திலே கண்டானென எவருங் கொள்ளார். ஒரு பொருளை மற்றொன்றற்கு ஒப்பாகக் கூறுமிடத்து, அவ்வொப்பு எவ்விடத்தே நிற்கின்றது, எவ்விடத்தே ஒழிகின்றது என்று வரையறுத்தறிதல் வேண்டும். எல்லா வகையானும் ஒத்துவிடின் அஃது உவமையாகாது; அப்பொருளேயாகிவிடும். தொல்காப்பியனார் உவமவியலிலே ஒப்புமைக்கு இடனாக வினை, பயன், மெய், உரு என நான்கினை வகுத்தார். செயலால் ஒத்தல், பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்பன அவை.

இந்நான்கும் ஒரு பொருளிலே ஒருங்கு அமைய வல்லனவா, அன்றி ஒன்றை முற்றப் பேணப் புகுந்தால் மற்றொன்று குறைபடுமா? இவ்வினாவைச் செய்யுளில் வைத்து ஆராய்தல் எளிதன்று. புலவன் தனக்கு வேண்டாத பண்பைச் சொல்லாது விட்டுவிடலாம். கையாற் செய்யப்படும் உவமையிலே அவ்வாறு விட்டுவிடல் இயலாது. செய்தபொருளுக்கு அகலமும் வேண்டும், நிறையும் வேண்டும், நிறமும் வேண்டும். ஆதலின் யாம் ஈண்டு அத்தகைய ஓர் உவமையை எடுத்துக்கொண்டோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சரக்கு வண்டிகளை இழுத்த எஸ்.டி. 40-2 என்னும் டீசல் எஞ்சினும், அதனைச் சிறுப்பித்து மேசைமேல் ஓடவிடும் மாதிரியுமே அது. விளையாட்டுப் பொருளுக்கு இலக்கணம் எற்றுக்கு என்பார் சற்றே பொறுத்துக் கேட்பாராக.

முதற்கண் உவமிக்கப்படும் பொருளை நோக்குவோம். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் எஞ்சின் பகுதியார் 1972ஆம் ஆண்டு தொடக்கம் 1980களின் பிற்பகுதிவரை இவ்வகையில் ஏறத்தாழ 4000 எஞ்சின்களைச் செய்து விற்றனர். நீளம் 68 அடி 10 அங்குலம். நிறை ஏறத்தாழ 368,000 இறாத்தல். ஆற்றல் 3000 பரிவலு. மும்மூன்று அச்சுகள் கொண்ட இரண்டு சில்லுத் தொகுதிகள் அதனைத் தாங்கின. உள்ளே 16 உருளைகளையுடைய டீசல் இயந்திரம் ஒன்று இருந்தது. அவ்வியந்திரம் சில்லுகளை நேரே சுழற்றுவதன்று. அது மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். அங்கே பிறக்கும் மின்னோட்டம் அச்சுக்கு ஒன்றாக அமைந்த ஆறு மின்மோட்டார்களுக்குச் செல்லும். அவையே சில்லுகளைத் திருப்பும். எனவே டீசல் எஞ்சின் என நாம் வழங்குவது உண்மையிலே தன் மின்னிலையத்தைத் தானே சுமந்து செல்லும் ஒரு மின்வண்டியாகும். (நம்மவர் இதனையும் புகையிரதம் என்றே வழங்குகின்றனர். நீராவி போயிற்று, சொல் நின்றுவிட்டது.)

இவ்வெஞ்சினைத் தொலைவிலிருந்தே இனங்கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. இதற்கு முன்னர் 1966 முதல் செய்யப்பட்ட எஸ்.டி. 40 என்னும் எஞ்சினைவிட இதன் அடிச்சட்டம் ஏறத்தாழ மூன்று அடி நீண்டது. சில்லுத் தொகுதிகள் புதிய முறையிலே நீளமாக அமைக்கப்பட்டமையே அதற்குக் காரணம். ஆனால் மேற்கூடு அவ்வளவுக்கு நீளவில்லை. அதனால் முன்னும் பின்னும் திண்ணைபோன்ற வெற்றிடங்கள் தோன்றின. அமெரிக்கரும் அதனைத் திண்ணையென்ற பொருள்படவே அழைக்கின்றனர். மாதிரி செய்வோன் இத்திண்ணையின் நீளத்திலே பிழைவிடுவானாயின் வேறெது செய்தும் அவன் எஞ்சின் எஸ்.டி. 40-2 ஆகத் தோன்றாது.

இனி உவமையாகிய மாதிரிக்கு வருவோம். அமெரிக்காவிலே மிகுதியாக வழங்கும் அளவுத்திட்டம் எச்.ஓ. எனப்படுவது. உண்மைப் பொருளின் ஓரடி மாதிரியில் 3.5 மில்லிமீற்றராகும், அஃதாவது 87இல் ஒரு பங்கு. இக்கணக்கின்படி எஸ்.டி. 40-2இன் நீளம் 24 சதமமீற்றர். 4 அடி 8½ அங்குல அகலமுள்ள இருப்புப்பாதை 16.5 மில்லிமீற்றர். இதுவரை இடர்ப்பாடொன்றுமில்லை. நீளத்தை 87ஆற் பிரிப்பதற்கு மூன்றாம் வகுப்புக் கணிதமே போதும்.

இடர்ப்பாடு தொடங்குவது நிறையிலேயாம். நீளம் 87இல் ஒரு பங்காயின் பரப்பு 7569இல் ஒரு பங்கு. கனவளவு 658,503இல் ஒரு பங்கு. அதே பொருள்களால் அதே விகிதத்திற் செய்தால் 368,000 இறாத்தல் எஞ்சினின் மாதிரி 9 அவுன்சு மாத்திரமே நிறுக்கும். ஆனால் கடைகளில் விற்கும் நல்ல மாதிரிகள் ஏறத்தாழ ஓர் இறாத்தல் நிறுப்பன. உள்ளே உலோகக்கட்டியை வைத்து வேண்டுமென்றே நிறையைக் கூட்டியிருக்கின்றனர். சில்லு வழுக்காது தண்டவாளத்தைப் பற்றுவதற்கும், மின்னோட்டம் தடையின்றிச் சில்லுக்கு ஏறுவதற்கும் அந்நிறை வேண்டும். சரக்குப் பெட்டிகளுக்கும் இவ்வாறே. 1935ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம், எச்.ஓ. பெட்டி ஒன்று ஓர் அவுன்சோடு அங்குல நீளத்துக்கு அரை அவுன்சு வீதம் நிறுத்தல் நன்றென விதந்துரைக்கின்றது. ஆறங்குலப் பெட்டியாயின் 4 அவுன்சு. வெறுமையாக 50,000 இறாத்தல் நிறுக்கும் பெட்டியை விகிதப்படி சிறுப்பித்தால் 1¼ அவுன்சுக்கும் சற்றுக் குறைவாகவே வரும். அத்துணை இலேசான பெட்டி வளைவிலே சாய்ந்து விழும்.

அடுத்தது வேகம். மணிக்கு 60 மைல் வேகமென்பது செக்கனுக்கு 88 அடி. மாதிரியிலே அது செக்கனுக்கு ஓரடிதான். ஓடும் பொருளிலுள்ள இயக்கசத்தி திணிவையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. திணிவு மூன்று மடியாகக் குறைய, வேகத்தின் வர்க்கம் இரண்டு மடியாகக் குறைகின்றது. 87ஐ ஐந்து முறை தன்னாற் பெருக்கிப் பார்க்கும் மாணவன் ஏறத்தாழ 500 கோடி என்னும் விடையைப் பெறுவான். எனவே மாதிரியின் இயக்கசத்தி உண்மை எஞ்சினுடையதிலே 500 கோடியில் ஒரு பங்கு! உண்மைச் சரக்கு வண்டி தடையிட்ட பின்னரும் ஒரு மைலுக்கு மேலாக ஓடிச்சென்றே நிற்கவல்லது. மாதிரியோ, தண்டவாளத்தில் ஒரு தூசு மின்னோட்டத்தை ஒரு கணம் மறித்தாலும் திடுமென நின்றுவிடும். மலைபோன்ற வண்டி தும்பி நிற்பதுபோல் நின்றுவிடுமாயின் வினையொப்புமை எங்கே? இக்குறையை நீக்கவே மோட்டாரின் இருபுறத்தும் கனத்த பித்தளைச் சுழல்சில்லுகளை அமைக்கின்றனர். அவை வேகமாகச் சுழன்று சத்தியைச் சேமித்துவைத்து, மின் தவறும் கணத்திலே எஞ்சினைத் தள்ளிச்செல்கின்றன. உண்மை எஞ்சினிலே அச்சுகளின் அருகே ஆறு மோட்டார்கள் இருக்க, மாதிரியின் நடுவே ஒரே மோட்டாரும் இரண்டு சுழல்சில்லுகளும் இருக்கின்றன. அம்மோட்டாரின் தண்டு இருபுறமும் நீண்டு, திருகுபுரிபோன்ற பற்சில்லினால் அச்சுகளைத் திருப்புகின்றது. உள்வடிவம் முற்றிலும் வேறு. அவ்வேறுபாட்டினாலேயே வெளிச்செயல் ஒத்திருக்கின்றது. யாம் இதனைச் சிறந்த உவமையென்போம்.

ஆனால் வினைக்காக மெய்யை விட்டுக்கொடுத்தல் எப்பொழுதும் இவ்வாறு மறைவிலே நிகழ்வதில்லை. 1950களிலும் 1960களிலும் கலிபோர்னியாவிலே அதர்ன் நிறுவனத்தார் மலிவான விலையில் டீசல் மாதிரிகளைச் செய்து, பொருள் மிகுதியில்லாத இளைஞரும் வாங்கத்தக்கனவாக்கினர். அக்காலத்து மோட்டார் அகன்றது. எஞ்சினின் மேற்கூடோ ஒடுங்கியது. மோட்டாரை உள்ளடக்குவதற்காகக் கூட்டை அளவுக்குமேல் அகலமாக்கினர். பக்கத்திலே நின்று பார்ப்போனுக்குக் குறை தோன்றாது. முன்னின்று பார்ப்போனுக்கு எஞ்சின் பருத்துத் தோன்றும். பின்னர் ஒடுங்கிய மோட்டார் கிடைக்கத் தொடங்கியதும், யப்பானியக் கேட்டோ நிறுவனம் முதலானோர் சரியான அகலத்திற் செய்யலாயினர். முன்னையோரை இகழ்தல் எமக்கு உடன்பாடன்று. ஓடாத அழகிய எஞ்சினினும் ஓடும் பருத்த எஞ்சின் பல்லாயிரம் இளைஞரை இத்துறையிற் புகுத்தியது.

சில்லின் விளிம்பைப் பாருங்கள். சில்லு தண்டவாளத்தை விட்டு விலகாமற் காப்பது அதன் உட்புறத்து விளிம்பு. உண்மையில் அது ஏறத்தாழ ஓரங்குல ஆழம். 87ஆற் பிரித்தால் 0.3 மில்லிமீற்றருந் தேறாது. மேசைமேற் பொருத்திய தண்டவாளத்தின் மேடுபள்ளத்துக்கு அது போதாதாகலின், சங்கத்தார் விதந்துரைக்கும் பொதுச்சில்லிலே அது 0.64 மில்லிமீற்றர், இருமடங்கிலும் அதிகம். சில்லின் அகலமும் அவ்வாறே மிகைப்பட்டது. இதனைப் பொறாத சிலர் சில்லையும் பாதையையும் விளிம்பையும் சரியாக 87இல் ஒரு பங்காகவே செய்கின்றனர். புரோட்டோ 87 என்பது அவர்தம் நெறியின் பெயர். அவர்கள் பாதையை மயிரிழை பிசகாது இடவேண்டும். வாங்கிய தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தி மாலைக்குள் வண்டி ஓட்டிவிட இயலாது. மெய்யை நாடினோர் பொறுமையை விலையாகக் கொடுக்கின்றனர்.

வளைவு இன்னும் பெரிய இடர்ப்பாடு. மலைப்பாதையில் 1150 அடி ஆரையுள்ள வளைவு கடுமையானதே. எச்.ஓ. அளவிலே அதன் ஆரை 13 அடிக்கு மேலாகும். வட்டம் முழுவதும் அமைக்க 26 அடி அகலமான மண்டபம் வேண்டும். எவர் வீட்டிலே அது உண்டு? ஆதலின் 18 அங்குல ஆரையுள்ள வளைவுகளே பெரிதும் விற்கப்படுகின்றன. உண்மைக் கணக்கில் அது 130 அடி ஆரை. ஆறு அச்சு எஞ்சின் அதிலே திரும்புவதற்காக நடு அச்சைப் பக்கவாட்டில் அசையவிடுகின்றனர். கொளுவியை அகலமாகத் திரும்பவிடுகின்றனர். எஞ்சின் திரும்பிவிடுகின்றது, ஆயினும் அதன் நீண்ட உடல் வளைவுக்கு வெளியே துருத்தி நிற்கும் காட்சி எமக்கு உவப்பாயில்லை. இடமின்மை எவர் குற்றமுமன்று.

எல்லா விகிதமும் மாதிரிக்குத் தீங்கே செய்கின்றன என எண்ணற்க. பொருளின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. சுமையோ கனவளவைப் பொறுத்தது. சிறுத்த பொருள் தன் நிறைக்கு 87 மடங்கு வலியது. மூன்றடி உயர மேசையிலிருந்து விழுந்த மாதிரியின் படியொன்று முறியலாம், ஒட்டிவிடலாம். விகிதப்படி நோக்கினால் அவ்வீழ்ச்சி 261 அடி. உண்மை எஞ்சின் அவ்வுயரத்திலிருந்து விழுந்தால் எஞ்சுவது பழைய இரும்பே.

உருவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பேர்லிங்டன் நோர்தேர்ன் கம்பனியின் பச்சை, யூனியன் பசிபிக்கின் மஞ்சள், கனடியன் பசிபிக்கின் சிவப்பு என ஒரே எஞ்சின் பல கோலம் பூண்டது. முன்மூக்கின் நீளம், ஊதி, மணி, விளக்கு ஆகியன கம்பனிக்குக் கம்பனி வேறு. கருத்துள்ள செய்வோன் ஓர் எஞ்சினை எண்ணால் தெரிந்து, அது ஓர் ஆண்டிலே எப்படியிருந்ததெனப் புகைப்படத்தில் தேடி, அவ்வாண்டின் அழுக்கையும் துருவையுங்கூடத் தீட்டுகின்றான். இவ்வெஞ்சின்களுட் பல உடைக்கப்பட்டுவிட்டன. பல புதுக்கியமைக்கப்பட்டு உருமாறிவிட்டன. அவை 1978இல் இருந்த கோலத்தைக் காணவேண்டின் இன்று சிலவிடத்து மாதிரியே கதி. 1990களிலே எண்முறைக் கட்டுப்பாடு பொதுவிதியாக வகுக்கப்பட்டபின், ஒரே பாதையிலே ஒவ்வோர் எஞ்சினையும் தனித்தனி ஏவலாம். டீசல் இயந்திரத்தின் ஓசையையும் சிறு ஒலிபெருக்கியிலே கேட்கலாம். டீசல் இல்லாத எஞ்சினிலிருந்து டீசலோசை எழுகின்றது. பயனோவெனின், ஒரு மூடை கோதுமையும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

இவ்விடத்து நம் நாட்டுக்குரிய செய்தி ஒன்று உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 தொடக்கம் கனடா இலங்கைக்கு அளித்த எம்2 வகுப்பு டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரத் தொழிற்சாலையிலே செய்யப்பட்டவை. எஸ்.டி. 40-2 எஞ்சின்களுள் ஒரு பகுதியும் அத்தொழிற்சாலையிலேயே பிறந்தது. எம்2இன் இயந்திர இனத்தின் உருளையைப் பெரிதாக்கிப் பெற்றதே எஸ்.டி. 40-2இன் இயந்திர இனம். ஒன்ராறியோ, அல்பேட்டா எனக் கனடிய மாகாணப் பெயர்களைத் தாங்கிய அவ்வெஞ்சின்களை நம் பழைய மாணவர் பலர் கண்டிருப்பர்.

அவர்களுள் ஒருவர் எம்2ஐ எச்.ஓ. அளவிலே செய்ய முற்படின் இக்கட்டுரையின் வினா அவர் மேசைமேலேயே எழும். நம் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். 87இல் ஒரு பங்கு 19.3 மில்லிமீற்றர். கடையில் விற்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். அதனை வாங்கிப் பொருத்தினால் எஞ்சின் அன்றே ஓடும். ஆனால் சில்லுகள் கூட்டின் கீழே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நெருங்கி நிற்கும், முன்னின்று பார்க்கும் இலங்கையர் எவர்க்கும் அது புலனாகும். 19.3இலே தாமே பாதையிடுவாராயின் அச்சு, சில்லுத் தொகுதி, கிளைப்பாதை அனைத்தையும் தம் கையாலே செய்தல் வேண்டும்; முதல் ஓட்டத்துக்கு ஓராண்டு செல்லலாம். எம்மைக் கேட்பாராயின், எஞ்சின் ஒன்றும் பாதை நான்கடியுமாக இருப்பினும் 19.3இலே செய்க என்போம்.