புதிய முழங்காலும் மலைப்பாதையும்



ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் வால்பாறைக்கு வருகிறோம். இங்கே கடைக்குப் போனால் இறக்கம், வீடு திரும்பினால் ஏற்றம். முழங்கால் தேய்ந்த முதியவருக்கு மாலை நேர டென்னிஸ் மட்டுமல்ல, அன்றாட நடையே பாரமாகிவிடுகிறது.

அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 2010-ஆம் ஆண்டு, தமது 66-ஆம் வயதில், இரண்டு முழங்கால் மூட்டுகளையும் மாற்றிக்கொண்டார். இந்த ஆபரேஷனில் தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோக உறை பொருத்தி, நடுவே பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள்.

ஆனால் காலை நன்றாக நீட்டவும் மடக்கவும் தினமும் பழகாவிட்டால் புதிய மூட்டும் இறுகிவிடும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் கசிவு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். டென்னிஸ் பல மாதங்களுக்குப் பின்னரே. அதுவும் மருத்துவர் அனுமதித்தால், ஓட்டம் குறைந்த இரட்டையர் ஆட்டம் நல்லது.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. ஆனால் பயிற்சிக்காக மலையிறங்கிப் போய்வரும் பஸ் செலவும், இழந்த நாட்கூலியும் அதில் அடங்கவில்லை. பாதியில் பயிற்சியை விட்டவருக்கு ஆபரேஷனின் பலனும் பாதிதான்.

ஆகவே ஒருவருடைய ஆபரேஷனுக்கு உதவும்போது, அதன்பின் வரும் வாரங்களுக்கும் சேர்த்தே உதவுவோம். மூட்டு ஒரே நாளில் மாறும். நடை மெல்லத்தான் திரும்பும்.